நுரையீரல் உயர் அழுத்தத்தில் எக்கோ: வலது கீழறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் எக்கோ அறை வாசலில் கேட்கும் கேள்விகள் இவை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் அழுத்த எண்ணில் போய் நிற்கும். அதற்கு இரண்டு வரி மேலேயோ கீழேயோ வலது கீழறையைப் பற்றி எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. இந்தப் பக்கம் அந்த வரிகளுக்காக எழுதப்பட்டது.

ரிப்போர்ட்டில் ‘ஆர்.வி.எஸ்.பி. 58’ என்று இருக்கிறது. கையில் பார்த்த பி.பி. 120/80 தானே? இது எந்தக் கணக்கு?

இரண்டும் வேறு வேறு சுற்றுகள். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடது பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். ஆர்.வி.எஸ்.பி. என்பது வலது கீழறை சுருங்கும்போது அதற்குள் எழும் உச்ச அழுத்தம். அந்த அறைக்கு நுரையீரலுக்கு இரத்தம் அனுப்புவது மட்டுமே வேலை. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, குழாய்களும் இளகியவை. அதனால் நலமாக இருப்பவருக்கு அங்கே அழுத்தம் ஏறத்தாழ 25/10 மி.மீ. பாதரசம், சராசரி 14 அளவில்தான் இருக்கும். ஓய்வில் சராசரி 20-ஐத் தாண்டினால் அது நுரையீரல் உயர் அழுத்தம். நெடுங்காலம் 25 என்றிருந்த இந்த வரம்பைக் குறைக்கும் யோசனை, 2018-ல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த உலகக் கருத்தரங்கில் முன்வைக்கப்பட்டு, 2022-ன் ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஏற்கப்பட்டது. வரையறை பேசுவது சராசரி அழுத்தத்தைப் பற்றி, ரிப்போர்ட்டில் இருப்பது உச்ச அழுத்தம். 58-ஐ நேராக 20-உடன் ஒப்பிட்டு மிரள வேண்டாம். ஆனால் 58 என்பது கூடுதல்தான், அதில் ஐயமில்லை.

நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் ‘மைல்ட் பி.ஏ.எச்.’, ‘சிவியர் பி.ஏ.எச்.’ (நுரையீரல் தமனி உயர் அழுத்தம்) என்று எழுதுவதும் வழக்கம். அதை அப்படியே இணையத்தில் தேடினால் அரிதான, கடுமையான ஒரு தனி நோயின் பக்கங்கள் திறந்துகொள்ளும். அங்கே படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருபவர்கள் உண்டு. எக்கோக்காரர் சொன்னது அழுத்தம் கூடியிருக்கிறது என்பதை மட்டுமே. காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும்.

கோளாறு நுரையீரல் குழாயில் என்கிறீர்கள். பிறகு ஏன் வலது கீழறையையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள்?

நோயாளி எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை ஆண்டு இருப்பார் என்பதை அந்த அறைதான் முடிவு செய்கிறது. இந்த நோய் முற்றி இறப்பவர்களில் பெரும்பாலோர் வலது இதயம் தளர்ந்தே இறக்கிறார்கள்.

வலது கீழறையின் சுவர் 5 மி.மீ.க்குள் அடங்கிவிடும். இடது கீழறையின் சுவர் ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கு. குறுக்கு வெட்டில் பார்த்தால் இடது கீழறை வட்டமாகவும், வலது கீழறை அதை அணைத்த பிறை வடிவிலும் தெரியும். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இரண்டும் சம அளவில் அனுப்புகின்றன. வலது அறைக்கு அது எளிதாக இருப்பதற்கு எதிரே தடை இல்லாததுதான் காரணம். தடை வந்ததும் அது முதலில் சுவரைத் தடித்துக்கொண்டு சமாளிக்கிறது. தாக்குப்பிடிக்க முடியாதபோது விரிகிறது. விரியும்போது, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் வளையமும் அகன்று, இதழ்கள் சரியாகச் சேராமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. இரண்டு கீழறைகளும் ஒரே உறைக்குள் அடைபட்டவை என்பதால் வலது பக்கம் பெருக்கப் பெருக்க இடது பக்கத்துக்கு இடம் போதாமல் போகிறது. இடது பக்கம் நிரம்பவில்லை என்றால் மூளைக்குப் போக இரத்தம் ஏது? படியேறும்போது கண் இருட்டுவதும் மயங்கி விழுவதும் இப்படித்தான்.

இதயச் சுவரில் பெரிய ஓட்டையுடன் பிறந்து, நுரையீரல் அழுத்தம் ஏறி அந்த ஓட்டையில் இரத்தம் எதிர்த்திசையில் பாயும் ஐசன்மெங்கர் நிலைக்கு வந்தவர்களைப் பாருங்கள். அவர்களுடைய வலது கீழறை குழந்தைப் பருவத்திலிருந்தே தடித்த சுவருடன் உயர் அழுத்தத்துக்குப் பழகியது. உச்ச அழுத்தம் 100-ஐத் தொட்டும் பல ஆண்டுகள் நடமாடுகிறார்கள். நடுவயதில் புதிதாக நோய் கண்டவரின் அறை 70-லேயே கை விரித்துவிடலாம்.

ஊசி கூடப் போடாமல் உள்ளே இருக்கும் அழுத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கசிவின் வேகத்தைக் கொண்டுதான். மூவிதழ் வால்வில் லேசான கசிவு நலமாக இருப்பவர்கள் பலருக்கும் உண்டு. கீழறைக்கும் மேலறைக்கும் அழுத்த வேறுபாடு கூடக் கூட அந்தக் கசிவு வேகமாகப் பீய்ச்சும். டாப்ளர் அந்த வேகத்தை அளக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பெர்னூலி வகுத்த நீரோட்ட விதியின் சுருங்கிய வடிவம் இது. இதைக் கொண்டு வலது கீழறை அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று 1984-ல் பால் யாக், ரிச்சர்ட் பாப் ஆகிய இருவரும் காட்டினார்கள்.

வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 4 × 9 = 36. இதனுடன் வலது மேலறையின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அது 8 என்று வைத்தால் விடை 44. வேகத்தை வர்க்கப்படுத்துவதால் சிறு பிழையும் பெருகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 3-க்குப் பதில் 3.3 என்று அளந்துவிட்டால் 36 என்பது ஏறத்தாழ 44 ஆகிவிடும். மார்பில் வைக்கும் கருவிமுனையான புரோபைக் கசிவு பீய்ச்சும் திசைக்கு நேராகப் பிடிக்காவிட்டால் வேகம் குறைத்தே காட்டும். எக்கோ எடுப்பவர் விலா இடுக்குகளில் மாற்றி மாற்றி வைத்து அதே கசிவைத் திரும்பத் திரும்பத் தேடுவது இதற்காகத்தான். அவருக்கு வேலை தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். மிகக் கூடிய வேகத்தைப் பிடிக்கத்தான் அந்த அலைச்சல்.

ஐரோப்பிய வழிகாட்டுதல் கூட்டிக் கழித்த அழுத்தத்தை விடக் கசிவின் வேகத்தையே முதன்மையாக வைக்கிறது. வேகம் நொடிக்கு 2.8 மீட்டர் வரை இருந்து வேறு அறிகுறியும் இல்லையென்றால் நோய்க்கான வாய்ப்பு குறைவு. 3.4-ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டதில் மற்ற அறிகுறிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கசிவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அழுத்தமும் இல்லை, சரிதானே?

சரியில்லை. அளக்க வழியில்லை என்பதுதான் அதன் பொருள். நோய் இருந்தும் கசிவு சரியாகப் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல் உப்பிக் காற்று தேங்கியவர்களிடம் இது சாதாரணம். உப்பு நீரைக் குலுக்கி நுண்குமிழிகளுடன் கை நரம்பில் செலுத்தினால் சில சமயம் கசிவு தெளிவாகும்.

இல்லையென்றால் மறைமுகச் சான்றுகள். வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்குள் பாயும் இரத்தம் உச்ச வேகத்தை எட்ட எடுக்கும் நேரம் 105 மில்லி நொடிக்குக் குறைந்தால் எதிரே தடை இருக்கிறது என்று ஐயப்படலாம். அந்த அலையின் நடுவே ஒரு வெட்டு விழுந்திருந்தால் ஐயம் வலுக்கும். வலது கீழறை இடதை விட அகலமாக இருப்பது, வலது மேலறையின் பரப்பு 18 சதுர செ.மீ.யைத் தாண்டுவது, இடைச்சுவர் தட்டையாவது ஆகியவையும் சான்றுகளே. கீழறைகள், நுரையீரல் தமனி, மேலறையும் பெருஞ்சிரையும் என்ற மூன்று தொகுதிகளில் குறைந்தது இரண்டிலாவது அறிகுறி இருந்தால்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

இடது பக்கத்துக்கு ‘இ.எஃப். 60’ என்று ஒரே எண்ணில் முடித்துவிடுகிறார்கள். வலது பக்கத்துக்கு அப்படி ஏன் இல்லை?

இ.எஃப். என்பது அறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. இடது கீழறையின் வடிவம் ஒழுங்கானது. இரண்டு கோணத்தில் படம் எடுத்தால் கொள்ளளவைக் கணக்கிட்டுவிடலாம். பிறை வடிவமும், இரத்தம் உள்ளே வர ஒரு பகுதியும் வெளியேற வேறொரு பகுதியும் கொண்ட வலது கீழறை அந்தக் கணக்குக்கு மசியாது. அதனால் பல எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல வேளையாக, வலது கீழறை முக்கியமாக நீளவாக்கில் சுருங்குகிறது. வால்வு வளையம் இதயத்தின் நுனியை நோக்கித் துருத்தி அமுங்குவது போல இறங்கி ஏறும். அந்த இறக்கத்தை அளப்பதுதான் டாப்சி. கர்சர் கோட்டை வளையத்தின் வெளியோரத்தில் வைத்து எம்-மோடு பொத்தானைத் தட்டினால், திரையில் ஒரு வெள்ளைக் கோடு அலையாக ஓடும். பள்ளத்தில் ஒரு புள்ளி, முகட்டில் ஒரு புள்ளி. நடுவே உள்ள மில்லிமீட்டரே விடை. 17-க்குக் கீழே போனால் இயக்கம் குறைவு. அதே இடத்தில் திசு டாப்ளர் வைத்து வேகத்தை அளந்தால் நொடிக்கு 9.5 செ.மீ.யாவது இருக்க வேண்டும்.

அறை விரிந்திருக்கும்போதும் சுருங்கியபோதும் அதன் உள்ளோரத்தை வரைந்து பரப்பைக் கணக்கிடுவது இன்னொரு வழி. விரிந்தபோது 30 சதுர செ.மீ., சுருங்கியபோது 21 என்றால் சுருக்கம் 30 சதவீதம். 35-க்குக் கீழே இருப்பது குறைவு. இது நீளவாக்கோடு குறுக்குவாக்கு இயக்கத்தையும் சேர்த்துக்கொள்வதால் டாப்சிக்கு நல்ல துணை. புதிய கருவிகளில் ஸ்ட்ரெய்ன் உண்டு. சுவர்த் தசை எவ்வளவு குறுகுகிறது என்பதைப் புள்ளி புள்ளியாகப் பின்தொடரும் முறை அது. வெளிச்சுவரில் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கவலை. இந்த எண்ணை மைனஸ் குறியோடு அச்சிடுவார்கள், பயப்பட வேண்டாம். முப்பரிமாண எக்கோ இருக்கும் இடத்தில் வலது பக்கத்துக்கும் இ.எஃப். கிடைக்கும். அதற்கு 45 என்பது கீழ் எல்லை.

அறை இயங்கும் நேரங்களின் விகிதத்தைக் கொண்டு கணிக்கும் டெய் இன்டெக்ஸ் என்று ஒன்றைச் சிலர் இன்னும் எழுதுகிறார்கள். மேலறை அழுத்தம் ஏறியவர்களிடம் அது பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். நோய் முற்றியவரிடமே ஏமாற்றுகிற அளவீட்டில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை.

டாப்சி 19 வந்திருக்கிறது. நார்மல்தானே, நிம்மதியாக இருக்கலாமா?

எந்த அழுத்தத்துக்கு எதிராக 19 என்று கேளுங்கள்.

உச்ச அழுத்தம் 30 உள்ளவருக்கு 19 என்றால், டாப்சியை அழுத்தத்தால் வகுக்க 0.63 வருகிறது. அறையும் குழாயும் இசைந்து இயங்குகின்றன. அதே 19, அழுத்தம் 80 உள்ளவருக்கு வந்தால் 0.24 மட்டுமே. அறை தன் எல்லைக்கு அருகில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இந்த விகிதம் 0.55-க்குக் குறைந்தால் நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவும், நோய் உறுதியானவர்களிடம் 0.32-க்கு மேல் குறைந்த அபாயம், 0.19-க்குக் கீழே அதிக அபாயம் என்றும் 2022 வழிகாட்டுதல் வகுக்கிறது. பள்ளிக்கூட வகுத்தல்தான். இருந்தும் பல ரிப்போர்ட்டுகளில் இதை எழுதுவதில்லை. இரண்டு எண்களும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்கலாம்.

டாப்சிக்கு வேறு குறைகளும் உண்டு. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, அறை நன்றாக இயங்கினாலும் அது குறைந்துவிடும். பைபாஸ் செய்துகொண்டவர் 14 என்று பார்த்ததும் கலங்க வேண்டியதில்லை. மறுபுறம், வால்வுக் கசிவு கடுமையாக இருந்தால் தளர்ந்த அறையும் நன்றாக ஆடுவது போலத் தெரியும். விரிந்த இதயம் மொத்தமாக அசைவதையும் கருவி சுருக்கமாக எண்ணிக்கொள்ளும்.

‘டி வடிவ இடது கீழறை’ என்றால் என்ன?

வட்டமாக இருக்க வேண்டிய இடது கீழறை, வலது பக்கத்து அழுத்தத்தால் இடைச்சுவர் தட்டையாகி ஆங்கில ‘டி’ (D) எழுத்தின் வடிவுக்கு வருவது. இதயம் சுருங்கும்போது தட்டையானால் அழுத்தச் சுமை, விரியும்போது மட்டும் தட்டையானால் இரத்த அளவின் சுமை. நோய் முற்றினால் இரண்டு வேளையிலும் தட்டை. எண் எதையும் அளக்காமல், பார்த்த மாத்திரத்தில் நிலைமையைச் சொல்லிவிடும் படம் இது ஒன்றுதான்.

கடைசியில் மல்லாந்து படுக்கச் சொல்லி மூக்கை உறிஞ்சச் சொன்னார்களே, ஏன்?

வலது மேலறையின் அழுத்தத்தை ஊகிக்க. மார்பெலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில் புரோபை அழுத்தினால் கீழ்ப்பெருஞ்சிரை கல்லீரலை ஒட்டிக் கருப்புக் குழாயாகத் தெரியும். சட்டென்று மூக்கை உறிஞ்சினால் அது பாதிக்கு மேல் சுருங்க வேண்டும். அகலம் 21 மி.மீ.க்குள் இருந்து நன்றாகச் சுருங்கினால் அழுத்தம் 3 என்றும், அகன்று சுருங்காமல் நின்றால் 15 என்றும், இரண்டுங்கெட்டான் நிலைக்கு 8 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது மதிப்பீடுதான். முன்னே சொன்ன 44-இல் கூட்டிய 8 இப்படி வந்ததே.

கால் வீக்கமும் வயிற்று உப்புசமும் உள்ளவர்களிடம் இந்தச் சிரை பருத்து அசையாமல் நிற்பதைக் காணலாம். இதய உறைக்குள் நீர் சேர்ந்திருந்தால் அதையும் குறிப்பார்கள். இந்த நோயில் அது நல்ல அறிகுறி அல்ல.

போன தடவை 85. இந்தத் தடவை 60. மருந்து வேலை செய்கிறது, இல்லையா?

இருக்கலாம். அதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அழுத்தம் உருவாக இரண்டு பேர் வேண்டும்: எதிர்க்கும் குழாய், தள்ளும் அறை. குழாய் இளகினாலும் எண் இறங்கும், அறை களைத்தாலும் எண் இறங்கும். நோயாளி முன்பை விட அதிகம் நடக்கிறார், அறை சிறுத்திருக்கிறது, டாப்சி ஏறியிருக்கிறது, மேலறை சுருங்கியிருக்கிறது என்றால் 60 நல்ல செய்தி. வீட்டுக்குள் நடக்கவே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, டாப்சி 18-லிருந்து 12-க்கு வந்துவிட்டது, பெருஞ்சிரை பருத்து நிற்கிறது என்றால் அறைக்கு 85-ஐ எழுப்பத் தெம்பு இல்லை என்று பொருள். வால்வு கொஞ்சமும் மூடாத அளவுக்குக் கசிவு கடுமையானால் கீழறை, மேலறை அழுத்தங்கள் நெருங்கிவிடும். அப்போதும் வேகக் கணக்கு குறைவாகக் காட்டும். ‘குறைஞ்சிடுச்சு’ என்று மகிழ்ச்சியோடு ரிப்போர்ட்டை நீட்டுபவரிடம் இதைச் சொல்வதுதான் எங்கள் வேலையில் கடினமான பகுதி.

இது புதிதாக வந்ததா, பழையதா என்று எக்கோ சொல்லுமா?

ஓரளவு சொல்லும். நுரையீரலில் திடீரென்று இரத்தக்கட்டி அடைத்தால், பழக்கமில்லாத மெல்லிய அறையால் மிக உயர்ந்த அழுத்தத்தை எழுப்பவே முடியாது. அது விரிந்து திணறும். வெளிச்சுவரின் நடுப்பகுதி அசைவற்று, நுனி மட்டும் துடிப்பதைக் காணலாம். மெக்கானல் அறிகுறி என்பது இதுதான். சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்து, அழுத்தமும் 80, 90 என்று இருந்தால் நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வளர்ந்திருக்கிறது.

எக்கோவிலேயே இவ்வளவு தெரிகிறதென்றால் கதீட்டர் எதற்கு?

எக்கோ ஐயத்தை எழுப்பும், காரணத்துக்குத் துப்புத் தரும், தொடர்ந்து கண்காணிக்க உதவும். நோயை உறுதி செய்வது வலது இதயக் கதீட்டர்தான். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயை விட்டுச் சராசரி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். அதோடு, இடது பக்கத்தின் அழுத்தத்தைக் காட்டும் ஆப்பு அழுத்தம் என்ற அளவும் கிடைக்கும். அது 15-க்குள் இருந்தால் கோளாறு நுரையீரல் குழாயில். 15-ஐத் தாண்டினால் இடது இதயத்தின் தேக்கம் பின்னால் தள்ளுகிறது.

இந்தப் பிரிவினை மருந்தை மாற்றிவிடும். சில்டெனாஃபில், போசென்டான் போன்றவை குழாய் நோய்க்கு நல்ல மருந்துகள். இடது இதயக் கோளாறால் வந்த அழுத்தத்துக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. முன்வாசலைத் திறந்துவிட்டுப் பின்வாசலை மூடியே வைத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை அதே பெயருள்ள நோய் என்று இன்னொருவர் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

காரணத்துக்கு எக்கோவில் என்ன துப்பு கிடைக்கும்?

இடது மேலறை பெரிதாக இருந்தால் முதலில் இடது பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். உலகெங்கும் மிகப் பரவலான காரணம் இடது இதய நோய்தான். இந்தியாவில் இதனுடன் முடக்குக் காய்ச்சலால் (ருமாட்டிக் காய்ச்சல்) சுருங்கிய, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வும் சேரும். இளவயதுப் பெண்ணுக்கு அழுத்தம் 70 என்றால் அந்த வால்வைப் பார்க்காமல் எக்கோவை முடிக்கக் கூடாது. மேலறைச் சுவரிலோ கீழறைச் சுவரிலோ ஓட்டை இருந்தால் அதுவும் தெரியும். விறகடுப்புப் புகையாலும் புகைப்பழக்கத்தாலும் கெட்ட நுரையீரலை எக்கோ காட்டாது. அதற்கு மூச்சுத்திறன் சோதனையும் சி.டி. ஸ்கேனும் வேண்டும். கரையாமல் தங்கிய பழைய இரத்தக்கட்டியைக் கண்டறிய, நுரையீரலில் காற்றும் இரத்தமும் போய்ச் சேர்வதை ஒப்பிடும் வி.க்யூ. ஸ்கேன் எடுக்க வேண்டும். தகுந்தவர்களுக்கு அந்தக் கட்டியை அறுவை செய்து எடுத்துவிட முடியும் என்பதால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? வலிக்குமா?

சாப்பிட்டுவிட்டே வரலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், ஜெல் குளிரும், விலா எலும்பில் கொஞ்சம் அழுத்தும். கதிர்வீச்சு கிடையாது. வலது பக்கத்தை முறையாகப் பார்க்க வழக்கத்தை விட நேரமாகும். ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டால் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மேலாடையைத் தளர்த்த வேண்டியிருப்பதால், பெண்கள் பெண் ஊழியரைக் கேட்டுப் பெறலாம். கர்ப்பிணிகளுக்கும் எக்கோ பாதுகாப்பானது. ஆனால் இந்த நோயோடு கருத்தரிப்பது உயிருக்கே ஆபத்தானது. அதை எக்கோ அறையில் அல்ல, முன்கூட்டியே இதய மருத்துவரிடம் பேச வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்?

மருந்தைத் தொடங்கியோ மாற்றியோ மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு முறை பார்ப்பது வழக்கம். நிலைமை சீராக இருந்தால் இடைவெளியை மருத்துவர் முடிவு செய்வார். மயக்கம், புதிதாகக் கால் வீக்கம், திடீரென்று கூடும் மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம் ஆகியவை வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் எடுத்தோம். ஒன்றில் 52, இன்னொன்றில் 64. யாரை நம்புவது?

இருவருமே சரியாக எடுத்திருக்கலாம். ஒருவர் மேலறை அழுத்தத்தை 3 என்றும் மற்றவர் 15 என்றும் வைத்திருந்தாலே 12 வேறுபாடு வந்துவிடும். உடலில் நீர் கூடுவது, குறைவது, மாத்திரை வேளை ஆகியவையும் எண்ணை நகர்த்தும். இரண்டு ரிப்போர்ட்டிலும் கசிவின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். அது ஒத்துப்போனால் சண்டை தீர்ந்தது. கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் எடுத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் பழைய ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புதிதாக எடுப்பவர் பழைய படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதே கோணத்தில் வலது கீழறையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.